மூன்று தடவை போட்டால் மூன்று விடை வருகிறதா?

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் வரை பெருக்கல், வகுத்தல், பின்னம் எதிலும் அவளுக்குத் தடங்கல் இருந்ததில்லை. இந்த வருடம் இயற்கணிதக் கோவைகளின் மதிப்பு காணும் பாடம் வந்ததிலிருந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒரே கணக்கை மூன்று தடவை போட்டால் மூன்று விடை வருகிறது, மூன்றும் தப்பு. கவனமாகப் போடு என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நேற்று "எனக்குக் கணக்கு வராதும்மா" என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். அந்த நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். டியூஷனில் சேர்த்துவிடலாமா? நான் பள்ளியோடு கணக்கை விட்டவள், என்னால் வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: வணக்கம் அம்மா. படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் பெண்ணுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு பெருக்கல்கூடப் பிசகவில்லை. அவள் தடுக்கி விழுகிற இடம், கோவையைப் பார்த்து எண்ணை அதில் வைத்து எழுதுகிறாளே, அந்த ஒரே ஒரு வரிதான். அந்த வரியைச் சரி செய்ய டியூஷன் தேவையில்லை, நீங்களே போதும்.

இந்தப் பதிலில் எக்ஸ் வருகிற இடத்திலெல்லாம் 'ப' என்று எழுதப் போகிறேன். வசதிக்காக மட்டும் இல்லை. அவளிடம் நீங்களும் இதைச் செய்து பாருங்கள்: புத்தகத்தில் இருக்கிற எழுத்தை அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுத்தைப் போட்டு, "இப்போது விடை மாறுமா?" என்று கேளுங்கள். "மாறாது, அது வெறும் பேர்தானே" என்று சட்டென்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. யோசித்தால், எழுத்து என்பது ஓர் எண் வந்து உட்காருகிற இடம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்துத்தான் கணக்குப் போட்டார். பெயர் எதுவானாலும் கணக்கு நடக்கும்.

சரி, நோட்டுக்கு வருவோம். முதல் பக்கத்தில் இருக்கும் கணக்கு: ப = −3 எனில் ப² − 2ப + 5 இன் மதிப்பு காண்க. மூன்று முறை போட்டிருக்கிறாள்.

முதல் முறை எழுதியது: −3² − 2−3 + 5. விடை −9.

இரண்டாம் முறை: −3² − 2×3 + 5. விடை −10.

மூன்றாம் முறை: 9 − 6 + 5. விடை 8.

சரியான விடை 20. மூன்றும் தப்பு என்று சிவப்பு மையில் அடித்திருக்கிறது, நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துப் பாருங்கள். −3² − 2−3 + 5 என்று எழுதிவிட்டால் அதற்கு விடை −9 தான், ஏனென்றால் மேலே நிற்கிற அந்தக் குட்டி 2, அதாவது அடுக்கு, 3ஐ மட்டும்தான் பிடிக்கும், முன்னால் இருக்கிற மைனஸைப் பிடிக்காது. அதனால் −3² என்பது −9. அப்புறம் −9 − 2 − 3 + 5, ஆக −9. அவள் எழுதியதற்கு அவள் போட்ட விடை நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவதும் அப்படித்தான், −9 − 6 + 5 என்றால் −10. மூன்றாவது 8, அதுவும் சரி. மூன்று தடவையும் கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறாள், கேட்ட கணக்கைத்தான் போடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் "கவனமாகப் போடு" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? போட்டதையே திரும்பச் சரிபார்ப்பாள், எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் விடை தப்பு என்பார்கள். அந்த இடத்தில்தான் "எனக்குக் கணக்கு வராது" என்ற நினைப்பு பிறக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் இந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் பல வருடம் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்காக இப்போதும் வருந்துகிறேன்.

அவளுக்குச் சொல்லித்தர வேண்டிய பழக்கம் ஒன்றுதான். எண்ணை எடுத்து வைப்பதற்கு முன்னால், எழுத்து இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் எழுத்தை எடுத்துவிட்டு ஒரு காலி அடைப்புக்குறியைப் போட வேண்டும். மற்ற எதையும் தொடக் கூடாது. ப² − 2ப + 5 என்பது இப்படி ஆகும்:

(   )² − 2(   ) + 5

இதை ஒரு தனி வரியாகவே எழுதட்டும். எழுதிய பிறகுதான் உள்ளே −3ஐ வைக்க வேண்டும், மைனஸோடு சேர்த்து:

(−3)² − 2(−3) + 5

இப்போது பாருங்கள், அவளுடைய மூன்று தப்புகளில் ஒன்றுக்குக்கூட வழியில்லை. மைனஸ் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் அடுக்கு அதையும் சேர்த்துப் பிடிக்கிறது, (−3)×(−3) = 9. 2க்கும் −3க்கும் நடுவே அடைப்புக்குறி நிற்பதால் அது கழித்தல் மாதிரித் தெரியவில்லை, பெருக்கல் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. −2 × −3 = 6. ஆக 9 + 6 + 5 = 20. மூன்றாவது முறை அவள் 9 என்று சரியாக எழுதியிருக்கிறாளே, அதற்கு வர்க்கம் என்றாலே பிளஸ் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது காரணமாக இருக்கலாம். அது அந்த ஓர் இடத்தில் கைகொடுத்தது, அடுத்த உறுப்பில் மைனஸ் காணாமல் போய்விட்டது. இடத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும், அடைப்புக்குறி எல்லா இடத்துக்கும் பொது.

சில பிள்ளைகள் கொஞ்ச நாளில் "மைனஸ் எண்ணுக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டால் போதும்" என்று சுருக்கிக்கொள்வார்கள். விடாதீர்கள். ஏன் என்று இரண்டாம் பக்கம் சொல்கிறது. ப = 4, ம = 5 எனில் 3ப + 2ம காண்க என்ற கணக்குக்கு 34 + 25 = 59 என்று எழுதியிருக்கிறாள். இங்கே மைனஸே இல்லை. 3ப என்றால் 3க்குப் பக்கத்தில் ப நிற்கிறது, ப-வை எடுத்துவிட்டு 4ஐ வைத்தால் 34 என்று நினைத்திருக்கிறாள். இதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், அவளுடைய நியாயம் சரியான நியாயம். முதல் ஐந்தாறு வருடம் நாம்தான் அவளுக்கு இரண்டு இலக்கங்கள் ஒட்டி நின்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லிக் கொடுத்தோம், 34 என்றால் மூன்று பத்தும் நான்கு ஒன்றும். இயற்கணிதத்துக்குள் வந்ததும் ஒட்டி நின்றால் பெருக்கல் என்று விதியை மாற்றிவிட்டோம், மாற்றியதை அழுத்திச் சொல்லவில்லை. 3(4) + 2(5) என்று எழுதியிருந்தால் 12 + 10 = 22 தானாக வந்திருக்கும்.

அதே பக்கத்தில் ப = 5 எனில் 2ப² காண்க என்பதற்கு 100 போட்டிருக்கிறாள். இங்கே 2(5)² என்று அடைப்புக்குறி போட்டிருந்தாலும் தப்பு நடந்திருக்கலாம், ஏனென்றால் இது வேறு ரகம். அடுக்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அந்தக் குட்டி 2 தன்னை ஒட்டி இடது பக்கம் நிற்கிற ஒன்றை மட்டும்தான் பெருக்கும், அது ப. கெழுவாக, அதாவது ப-வுக்கு முன்னால் அதைப் பெருக்கும் எண்ணாக நிற்கிற பெரிய 2ஐத் தொடாது. ஆகவே 2 × 25 = 50. கெழுவையும் சேர்த்து வர்க்கப்படுத்த வேண்டுமானால் (2ப)² என்று கணக்கே அடைப்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கும், அப்போதுதான் 100. அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: 2ப² என்றால் "ப-வை வர்க்கப்படுத்து, வந்ததை இரண்டால் பெருக்கு". (2ப)² என்றால் "ப-வை இரண்டால் பெருக்கு, வந்ததை வர்க்கப்படுத்து". கணக்குப் போட வேண்டாம், படித்தால் மட்டும் போதும். ஒரு நாள் முழுக்க வெறும் படிப்பாகவே இருக்கட்டும், ஐந்தாறு கோவைகளை இப்படி வாயால் சொல்ல முடிந்துவிட்டால் பேனாவை எடுக்கும்போது கை தானே சரியான பாதையில் போகும்.

வீட்டில் உதாரணம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ப = 2 என்று வைத்து எதையும் விளக்காதீர்கள். 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 தான். ப² என்பதை 2ப என்று நினைத்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கும் 2ஐப் போட்டால் சரியான விடையே வரும், நீங்களும் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். 0, 1 இரண்டும் இதே போல் தப்பை மூடி மறைக்கிற எண்கள்தான். ஆரம்பத்தில் 3, 5, 7 மாதிரி எண்கள் நல்லது, அப்புறம் −3, −4.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பயிற்சி என்றால் முப்பது கணக்கு வேண்டாம். ஒரே ஒரு கோவை, பல எண்கள். அவளை அழவைத்த அதே ப² − 2ப + 5ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் ப-வின் மதிப்பு, வலது பக்கம் கோவையின் மதிப்பு. ப = 5இலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கட்டும். 5க்கு 25 − 10 + 5 = 20. 4க்கு 13. 3க்கு 8. 2க்கு 5. 1க்கு 4. 0க்கு 5. இந்த இடத்தில் நிறுத்தி, "ஏதாவது தெரிகிறதா?" என்று மட்டும் கேளுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 20இலிருந்து 13க்கு 7 குறைந்தது, 13இலிருந்து 8க்கு 5, அப்புறம் 3, அப்புறம் 1, அடுத்தது 1 ஏறிவிட்டது. 7, 5, 3, 1, திரும்பி 1. அடுத்து என்ன வரும் என்று அவளே ஊகிப்பாள், 3 ஏற வேண்டும். அப்படியானால் ப = −1க்கு 8 வர வேண்டும். இப்போது அடைப்புக்குறி போட்டுப் பார்க்கட்டும்: (−1)² − 2(−1) + 5 = 1 + 2 + 5 = 8. −2க்கு 13. −3க்கு 20.

மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் 20, 13, 8, 5, 4, 5, 8, 13, 20. அந்த வரிசை கண்ணாடி மாதிரி நடுவில் மடிகிறதைப் பார்க்கிற நொடியில் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கும் அதே சந்தோஷம்தான். அதோடு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. முன்பு −3க்கு −9 என்றும் −10 என்றும் 8 என்றும் எழுதியபோது எது சரி என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை, யாராவது சிவப்பு மையால் அடித்தால்தான் தெரியும். இப்போது 5, 8, 13 என்று ஏறிக்கொண்டிருக்கிற வரிசையில் −10 வந்து நின்றால் அது ஒட்டாது என்று அவளுக்கே தெரிந்துவிடும். விடைக்குறிப்பும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்டாலும் இதே முறையில் காட்டலாம். −2ப என்ற உறுப்பை மட்டும் எடுத்து ப = 3, 2, 1, 0 என்று இறங்கினால் −6, −4, −2, 0 என்று இரண்டிரண்டாக ஏறும். −1க்கு இறங்கும்போது திடீரென்று திசை மாற ஒரு காரணமும் இல்லையே, அடுத்தது 2, 4, 6 தான். கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் சொத்து என்றும் சொல்லி, கடனும் கடனும் பெருக்கினால் சொத்து என்று விதியாகத் தந்திருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விதியாகச் சொல்வதைவிட இந்த ஏறுவரிசை சீக்கிரம் புரிகிறது என்பது என் அனுபவம்.

இதே அட்டவணை இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். இரண்டாம் பக்கத்தின் மேல் ஓரத்தில் "ப = ?" என்று எழுதி அடித்திருக்கிறாள் பாருங்கள், ப-வைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்துத் தொடங்கியிருக்கிறாள். கோவையில் சமக்குறி கிடையாது, கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, ப என்ன என்று கணக்கே சொல்லிவிட்டது, கோவை எவ்வளவு ஆகிறது என்பதுதான் கேள்வி. சமன்பாடு வந்தால் கதை தலைகீழ், அங்கே எவ்வளவு என்று சொல்லிவிட்டு ப-வைக் கேட்பார்கள். ஒரே கோவைக்கு ஒன்பது எண்களைப் போட்டு ஒன்பது மதிப்பைப் பார்த்த பிள்ளை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது குறைவு.

சமக்குறி என்றதும் நினைவுக்கு வருகிறது. 7 − 2(ப − 1), ப = 4 என்ற கணக்கில் "4 − 1 = 3 = 7 − 2 = 5 × 3 = 15" என்று ஒரே வரியில் இழுத்திருக்கிறாள். இங்கே இரண்டு தப்பு. 3உம் 15உம் சமம் என்று அந்த வரி சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சமக்குறி என்றால் "அடுத்து வருவது" என்ற நினைப்பு, கால்குலேட்டரில் அந்தப் பொத்தானை அமுக்கினால் விடை வருகிறதல்லவா, அதுவும் ஒரு காரணம். ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித ஆசிரியர் 1557இல் அந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்பது. இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள், பிடிக்கும். சொல்லிவிட்டு, வரிக்கு ஒரு சமக்குறி, ஒன்றன்கீழ் ஒன்று என்று எழுத வையுங்கள்:

7 − 2((4) − 1)
= 7 − 2(3)
= 7 − 6
= 1

முழுக் கோவையும் ஒவ்வொரு வரியிலும் கீழே இறங்கி வர வேண்டும், இன்னும் தொடாத பகுதியும் சேர்த்து. அப்படி எழுதியிருந்தால் 7 − 2 என்று முன்னாலேயே கழித்து 15க்குப் போயிருக்க மாட்டாள், 2க்குப் பக்கத்தில் அடைப்புக்குறி ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பாள்.

எந்தச் செயலை முதலில் செய்வது என்பதை நினைவில் வைக்கப் பள்ளியில் சொல்லித்தரும் போட்மாஸ் (BODMAS) பற்றிச் சுருக்கமாக. அந்தச் சொல்லில் கூட்டலுக்கான எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால் கூட்டலை முதலில் போட வேண்டும் என்று நிறையப் பேர் படித்துவிடுகிறார்கள். 10 − 4 + 3 என்பதற்கு 3 என்று விடை வருவது அதனால்தான், சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே படி, இடமிருந்து வலம். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே.

கால்குலேட்டரை வைத்துச் சரிபார்க்கலாமா என்று கேட்பீர்கள். இந்தப் பாடத்தில் வேண்டாம். எக்செலில் =-3^2 என்று அடித்தால் 9 என்று காட்டும், பைத்தான் என்ற நிரல்மொழியில் -3**2 என்று அடித்தால் -9 என்று காட்டும். நல்ல மென்பொருள்களே இந்த இடத்தில் ஆளுக்கொரு மாதிரிப் படிக்கின்றன. அதுவே அவள் அடைப்புக்குறி போட்டு எக்செலில் =(-3)^2 என்றும் பைத்தானில் (-3)**2 என்றும் அடித்தால் இரண்டிலும் 9 தான். இந்த ஒப்பீட்டை அவளுக்குக் காட்டிப் பாருங்கள், அடைப்புக்குறி டீச்சரின் பிடிவாதம் என்று நினைக்க மாட்டாள்.

கடைசியாக எழுத்து என்பது என்ன என்ற விஷயம். இங்கிலாந்துப் பிள்ளைகளை வைத்து டீட்மார் கூஷ்மன் செய்து 1981இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பிள்ளைகள் இயற்கணித எழுத்தை ஆறு விதமாகப் பார்க்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியது. அதில் ஒன்று எழுத்தையே பொருளாக நினைப்பது. 'ப என்றால் பென்சில், அப்போது 3ப என்றால் மூன்று பென்சில்' என்று நாம் எளிமையாக்கச் சொல்வது இதைத்தான் வளர்க்கிறது. பென்சிலுக்குப் பதில் எப்படி 12ஐ வைப்பது? ப என்பது ஒரு பெட்டியில் இருக்கிற பென்சில்களின் எண்ணிக்கை என்று சொல்லுங்கள், அப்போது 3ப + 4 என்பது மூன்று பெட்டியும் தனியாக நான்கு பென்சிலும், பெட்டிக்கு 12 என்றால் 40. கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் தீக்குச்சிகளை அடுக்கி ஒட்டிய சதுரங்கள் செய்யச் சொல்லுங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. ந சதுரத்துக்கு 3ந + 1 என்று அவளே வந்து சேர்வாள், கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். 5 சதுரத்துக்கு எத்தனை என்று முதலில் கோவையில் போட்டு 16 என்று எழுதிவிட்டு, அப்புறம் அடுக்கி எண்ணிப் பார்க்கட்டும்.

நீங்கள் பள்ளியோடு கணக்கை விட்டவர் என்று தயங்குகிறீர்கள். எனக்கு அது அனுகூலமாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து "இதை எப்படிப் படிக்கணும், எனக்குச் சொல்லிக் கொடு" என்று நீங்கள் நிஜமாகவே கேட்கலாம், அவள் வாயால் சொல்லும்போது எங்கே தடுக்குகிறாள் என்று அவளுக்கே கேட்கும். விடை தப்பானால் தப்பு என்று சொல்லாமல், "எந்த வரியில் எண்ணை வைத்தாய், அந்த வரியைக் காட்டு" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். டியூஷனைப் பற்றி ஒரு மாதம் கழித்து யோசிக்கலாம், அதற்குள் அடைப்புக்குறி வரியை எழுதியும் விடைகள் நிலைக்கவில்லை என்றால் குறை எண்களின் கூட்டல் கழித்தலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அதை அவளுடைய வகுப்பாசிரியரிடமே சொல்லி அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்லலாம்.

இன்றைக்குப் புதிய பக்கம் ஒன்றை எடுத்து, 5இலிருந்து −3 வரை அந்த அட்டவணையைப் போடச் சொல்லுங்கள். முடித்துவிட்டாள் என்றால் ப² − 4ப + 7 என்ற கோவைக்கும் அதே மாதிரி 6இலிருந்து −2 வரை போட்டு, அந்த வரிசை எந்த எண்ணில் மடிகிறது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.